ரெண்டு பேரும் முதல்முறை வெளிநாடு: வியட்நாமுக்குப் பேக்கேஜ் எடுக்கலாமா, நாமே புக் பண்ணலாமா?

கொசுவலைக்காரன்
வணக்கம். ஊர் கரூர், இந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆனது. அப்போது கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்ததால் கொடைக்கானலைத் தாண்டிப் போக முடியவில்லை. இப்போது உட்கார்ந்து பேசி வியட்நாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ரெண்டு பேருக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் வரை செலவு செய்யலாம். மனதில் இருப்பது ஹனோய், ஹாலாங் விரிகுடா, டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம், முடிந்தால் ஃபூ குவோக் தீவு. எட்டு நாள்.

தலை தீபாவளிக்கு மாமனார் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்து மதிய விருந்தையும் முடித்துக்கொண்டு, அன்று இரவே திருச்சியில் விமானம் ஏறிவிடலாம் என்பது கணக்கு. லீவும் மிச்சம்.

ஒரு ஏஜென்ட் தலைக்கு 78 ஆயிரம் சொல்கிறார், இதில் இங்கிருந்து போய்வரும் விமான டிக்கெட் சேராது. நாமே புக் செய்தால் குறையுமா? இன்னொன்று, மனைவியின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்பு எடுத்தது, அதில் அவள் அப்பா பெயர்தான் இருக்கிறது. மாற்றியே ஆக வேண்டுமா? வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

உப்புக்கண்டம்
தலை தீபாவளி விருந்தில் பாதி இலையோடு எழுந்து ஓடும் மாப்பிள்ளையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். மோதிரம் கைக்கு வருவதற்குள் டிக்கெட் போட்டுவிடாதே தம்பி.

மலைக்கோட்டை
விருந்து இருக்கட்டும், அந்த வாரமே சரிவராது. வியட்நாம் வடக்கிலிருந்து தெற்காக ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நாடு, எல்லா இடத்திலும் ஒரே பருவம் கிடையாது. அக்டோபரும் நவம்பரும் நடுப்பகுதிக்கு, அதாவது நீங்கள் சொல்லும் டா நாங், ஹோய் ஆனுக்கு, அடைமழைக் காலம். ஹோய் ஆன் பழைய ஊர் து போன் ஆற்றை ஒட்டியே இருக்கிறது, ஆறு நிரம்பினால் தெருவில் படகு ஓடும். சுற்றுலாப் படகைச் சொல்லவில்லை, வீட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு போகிற படகு. அந்த மாதங்களில் அறை மலிவாகக் கிடைப்பது இதனால்தான். விலையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக் கார்டைத் தேய்த்துவிட வேண்டாம்.

பொங்கல் லீவில் போனால் தெற்கு அருமையாக இருக்கும், ஆனால் ஹனோயில் குளிர், தூறல், ஹாலாங்கில் பல நாள் மூடுபனி. படகில் உட்கார்ந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு வரும்படி ஆகலாம். மூன்று பகுதியும் ஓரளவு ஒத்துவருவது பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் வரை.

அதிலும் டெட் என்ற அவர்கள் புத்தாண்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2027இல் பிப்ரவரி 6ஆம் தேதி வருகிறது. அதற்கு முன்னும் பின்னும் சில நாள் நாடே சொந்த ஊருக்குப் போய்விடும், பாதிக் கடை மூடியிருக்கும், ரயிலிலும் உள்நாட்டு விமானத்திலும் இடம் கிடைக்காது. நம் தீபாவளிக்குக் கோயம்பேட்டில் பஸ் பிடித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு பத்து நாள் தள்ளிப் போங்கள்.

எட்டு நாளில் ஆறு ஊர் என்பதைப் பற்றி வேறு யாராவது திட்டட்டும்.

பட்டாணிசுண்டல்
நான் திட்டுகிறேன். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு உள்நாட்டு விமானம் ஒன்றேகால் மணி நேரம்தானே என்று தோன்றும். அறையைக் காலி செய்வது, விமான நிலையம் போவது, இரண்டு மணி நேரம் முன்னால் நிற்பது, இறங்கிப் பெட்டிக்குக் காத்திருப்பது, அடுத்த ஓட்டலில் மதியம் இரண்டு மணி வரை அறை தராமல் வரவேற்பறையில் உட்கார வைப்பது, எல்லாம் சேர்ந்தால் ஒரு பகல் போய்விடும். ஆறு ஊருக்கு அப்படி எத்தனை பகல் போகும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அந்த மாதிரி நாள்களில்தான் சண்டையும் வரும். இருவரும் பசியோடு இருப்பார்கள், ஒருவர் கையில் பெட்டி, இன்னொருவர் கையில் சார்ஜ் தீர்ந்த போன்.

என் கணக்கில் எட்டு நாளுக்கு இரண்டு இடம், கூட ஒரு இரவு படகு. ஹனோயில் இறங்கி, ஹாலாங்கில் ஓர் இரவு, பிறகு டா நாங் பறந்து ஹோய் ஆனில் நாலு இரவு, டா நாங்கிலிருந்தே திரும்பிவிடுவது. மறுபடி ஹனோய்க்கு வர வேண்டாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் போனால் அங்கிருந்து ஹனோய்க்கும் டா நாங்குக்கும் தனித்தனியே விமானம் இருக்கிறது, அதனால் போகும் ஊர் ஒன்று, திரும்பும் ஊர் ஒன்று என்று டிக்கெட் போடலாம். ஹோ சி மின் நகரமும் ஃபூ குவோக்கும் இன்னொரு பயணம்.

செலவு உத்தேசமாக, ரெண்டு பேருக்கும் சேர்த்து: போய்வரும் விமானம் 52 ஆயிரம், ஹனோயிலிருந்து டா நாங் 10 ஆயிரம், நல்ல சுமாரான அறைகள் ஏழு இரவுக்கு 21 ஆயிரம், ஹாலாங் படகு 24 ஆயிரம், ஹனோய்க்குத் தெற்கே இருக்கும் நின் பின்னுக்கு ஒரு நாள் சுற்றுலா 7 ஆயிரம், சாப்பாடு 20 ஆயிரம், வண்டி நுழைவுச்சீட்டு 15 ஆயிரம், விசாவும் இன்சூரன்ஸும் 7 ஆயிரம். ஒன்றரை லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும். உங்கள் ஏஜென்ட் கணக்கில் விமானத்தையும் சேர்த்தால் இரண்டு லட்சத்துக்கு மேல் வருகிறது.

வைகைக்கரை
மதுரையில் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சார்பு இருக்கும். பட்டாணிசுண்டல் அக்கா போட்ட கணக்கு தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் நேரத்துக்கு விலை போடவில்லை. தினமும் ராத்திரி பதினொரு மணிக்குப் படுக்கையில் ஓட்டல் விமர்சனம் படித்துக்கொண்டிருக்கப் பிடித்தவர்கள் தாங்களே புக் செய்யட்டும். பிடிக்காதவர்கள் 50 ஆயிரம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கட்டும். விமானம் ரத்தானால் ராத்திரி ஒரு மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள்?

எந்தப் பேக்கேஜாக இருந்தாலும் எழுத்தில் கேட்க வேண்டியது: ஓட்டல் பெயர் என்ன, 'அல்லது அதற்கு இணையான' என்று போட்டிருந்தால் இணையானது எது. வேன் நமக்கு மட்டுமா, இருபது பேரோடா. படகில் அறைக்கு ஜன்னலா, பால்கனியா. பாதி நாள் முத்துக் கடைக்கும் பட்டுக் கடைக்கும் போகுமா. ரத்து செய்தால் எந்தத் தேதி வரை எவ்வளவு திரும்ப வரும். இதற்கெல்லாம் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்புகிறவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வரி பற்றி யாரும் பேசவில்லை. வெளிநாட்டுப் பேக்கேஜ் வாங்கினால் டிசிஎஸ், அதாவது விற்கிற நாங்களே முன்கூட்டிப் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்போம். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது, கட்டும் நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். அது போன பணம் இல்லை, வருமான வரி ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், மிஞ்சினால் திரும்ப வரும். ஆனால் யாருடைய பான் எண்ணில் பிடித்தோமோ அவர் ரிட்டர்னில்தான் வரும். கணவர் சம்பாதிக்கிறார், பில்லை மட்டும் மனைவி பெயரில் போடச் சொல்லிவிட்டு மறுவருடம் வந்து முழிக்கிறவர்கள் நிறைய. விமான டிக்கெட்டை மட்டும், அல்லது அறையை மட்டும் தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது.

கொசுவலைக்காரன்
நன்றி அண்ணா, அக்கா. தீபாவளி ரத்து. மாமனாரிடம் இன்னும் சொல்லவே இல்லை, நல்லவேளை. பொங்கலும் முடியாது, தலைப் பொங்கலுக்குச் சீர் கொண்டுவருவார்கள், வீட்டில் ஆள் இல்லாவிட்டால் அம்மா என்னைச் சும்மா விடமாட்டார். பிப்ரவரி பின்பாதி பார்க்கிறேன். மனைவி வங்கியில் வேலை, மார்ச்சில் லீவு என்ற பேச்சே கிடையாது.

பெயர் விஷயம்?

தையல்மிஷின்
பெயரை மாற்றாதீர்கள். இதை மட்டும் கொட்டை எழுத்தில் போட வசதி இருந்தால் போட்டிருப்பேன். கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வியட்நாம் இ-விசா விண்ணப்பத்தில் கணவன் மனைவி என்று நிரூபிக்கச் சொல்வதும் இல்லை. அவரவருக்குத் தனி விண்ணப்பம், தனி விசா. அங்கே ஓட்டலில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிவு செய்வார்கள், கல்யாணச் சான்றிதழ் கேட்கமாட்டார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையான தலைவலி இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏறாது, விரித்து எழுத வேண்டும். விரித்ததை ஒருவர் குடும்பப்பெயர் கட்டத்தில் போட்டிருப்பார், இன்னொருவர் எல்லாவற்றையும் முதல் பெயரிலேயே போட்டுவிட்டுக் குடும்பப்பெயரைக் காலியாக விட்டிருப்பார். விமான நிறுவனத் தளம் காலியாக விடச் சம்மதிக்காது. அப்போது என்ன போடுவது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், சிலர் முதல் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். பணம் கட்டும் முன் அவர்கள் உதவிப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். பாஸ்போர்ட் புகைப்படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறி அம்புக்குறியாக இரண்டு வரி இருக்கும் பாருங்கள், இயந்திரம் படிப்பது அதைத்தான். டிக்கெட்டிலும் விசாவிலும் அந்த எழுத்து அப்படியே வர வேண்டும். 'கவிதா'வில் 'டி'க்குப் பின்னால் ஒரு 'எச்' இருக்கிறதா இல்லையா என்பதுவரை.

குடும்பப்பெயர் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு துபாய் பக்கம் சுற்றுலா விசாவில் போக நினைப்பவர்கள் தனியாக விசாரியுங்கள். 2022 நவம்பரிலிருந்து அங்கே ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள்.

என் பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர்தான். ஹோய் ஆனில் அறையை நான்தான் புக் செய்திருந்தேன், தேனிலவு என்று குறிப்பும் எழுதியிருந்தேன். உள்ளே போனால் கட்டிலில் துண்டை மடித்து இரண்டு அன்னப்பறவை, சுற்றி ரோஜா இதழ், நடுவில் தங்க எழுத்தில் ஒரு வாழ்த்து அட்டை: 'திரு மற்றும் திருமதி சுப்பிரமணியன்'. சுப்பிரமணியன் என் அப்பா. அங்கே இருந்த நாள் முழுக்கக் காலை உணவு இடத்தில் என் கணவரை 'குட் மார்னிங் மிஸ்டர் சுப்பிரமணியன்' என்றே கூப்பிட்டார்கள். அவரும் தலையாட்டிக்கொண்டே இட்லி தேடப் போனார்.

உப்புக்கண்டம்
மாமனார் காசிலேயே போயிருக்கலாம், பெயராவது பொருந்தியிருக்கும்.

மதிய_உறக்கம்
தையல்மிஷின் சொன்னதோடு ஒன்று. வியட்நாமுக்குத் தேவையில்லை என்றாலும் கல்யாணத்தைப் பதிவு செய்துவிடுங்கள் தம்பி. தமிழ்நாட்டில் 2009ஆம் வருடச் சட்டப்படி எல்லாத் திருமணத்துக்கும் பதிவு கட்டாயம், 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு 150 நாள் வரை. வைகாசி என்றால் உங்களுக்கு நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. நாளைக்கு ஐரோப்பா போக மனைவியின் செலவை நான் ஏற்கிறேன் என்று கடிதம் கொடுக்கும்போது சான்றிதழ் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகையைக் காட்டினால் போதாது.

கொசுவலைக்காரன்
ஐயோ, பதிவு செய்யவில்லை. நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகம் போகிறேன்.

அப்புறம் ஒரு சங்கடம். ராத்திரி சாப்பிடும்போது பிப்ரவரியில் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னேன். 'போயிட்டு வாங்கப்பா, நாங்களும்தான் கப்பல் பார்த்ததில்லை' என்றார். அப்பா ஒன்றும் பேசாமல் மோரை ஊற்றிக்கொண்டார். இதற்கு என்ன செய்வது?

பட்டாணிசுண்டல்
ஒன்றும் செய்யாதே. அவர்களைத் தனியாக ஒரு முறை இலங்கைக்கோ மலேசியாவுக்கோ அனுப்புவதாகச் சொல், சொன்னபடி அனுப்பு. இந்தப் பயணத்தில் சேர்க்காதே. அத்தை மாமாவோடு போவது தப்பில்லை, நாங்களும் போயிருக்கிறோம், அது வேறு மாதிரிப் பயணம். ஆறு மணிக்குக் காபி எங்கே கிடைக்கும் என்பதில் தொடங்கும்.

வைகைக்கரை
அவர்களுக்கு நல்ல குழுப் பயணம் இருக்கிறது, சமையல்காரரோடு. தனிச் செய்தி அனுப்புங்கள். (விளம்பரம் முடிந்தது.)

கனரா_கவுன்ட்டர்
புதுக் கணக்கு. கொசுவலைக்காரனின் மனைவி நான்தான். அவர் இந்த இழையை எனக்கு அனுப்பி 'படித்துப் பார், எல்லாரும் உதவுகிறார்கள்' என்றார். படித்தேன். எனக்கும் சேர்த்துத்தான் பயணம் என்பதால் நானும் எழுதுகிறேன். பெயரில் இருப்பதற்கும் நான் வேலை பார்க்கும் வங்கிக்கும் சம்பந்தம் இல்லை.

ஆறு ஊர் பட்டியல் அவருடையது. யூடியூபில் ஒருவர் ஒன்பது நாளில் வியட்நாம் முழுக்கச் சுற்றினார், அதிலிருந்து வந்தது. நான் கேட்டது மூன்றே: காலையில் அலாரம் வைக்காத நாள் பாதியாவது இருக்க வேண்டும், ஒரு பழைய கோயில் பார்க்க வேண்டும், அப்புறம் வெள்ளிக்கிழமையும் கார்த்திகையும் நான் அசைவம் தொடமாட்டேன், அன்றைக்கு எனக்குப் பட்டினி இருக்கக்கூடாது. டா நாங் பக்கத்துப் பானா மலையில் இரண்டு கை தாங்கும் அந்தத் தங்கப் பாலம் எனக்கு வேண்டாம். அவருக்கு வேண்டும்.

தையல்மிஷின்
வா தோழி. நீ வந்ததும்தான் இந்த இழை உருப்படும்.

கோயிலுக்கு மி சன். ஹோய் ஆனிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில், மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. அந்தப் பகுதியை ஆண்ட சம்பா மன்னர்கள் நாலாம் நூற்றாண்டிலிருந்து பல நூறு வருடம் கட்டிய சிவன் கோயில்கள், பெரும்பாலும் செங்கல். அமெரிக்கப் போரில் குண்டு விழுந்து நிறைய போய்விட்டது, குண்டு விழுந்த பள்ளம் இன்னும் தெரியும். நம் இந்தியத் தொல்லியல் துறை போய்ச் சில தொகுதிகளைச் சீரமைத்திருக்கிறது. பத்து மணிக்கு மேல் வெயிலும் பஸ் கூட்டமும் வந்துவிடும், அதனால் அலாரம் வைக்காத விதியை அந்த ஒரு நாள் மட்டும் தளர்த்திக்கொள். டா நாங்கில் அந்தச் சம்பா மக்களின் சாம் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது, அதையும் பார்த்தால் மி சன்னில் காலியாக இருக்கும் மாடங்களில் என்ன இருந்திருக்கும் என்று புரியும்.

மாரியம்மன் கோயிலும் உண்டு, ஆனால் அது ஹோ சி மின் நகரத்தில், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில், அந்தக் காலத்தில் போன தமிழர்கள் கட்டியது. இப்போது கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். இந்தத் தடவை வழியில் வராது.

சாப்பாட்டுக்கு 'சாய்' என்று பலகை தொங்கும் கடைகளைத் தேடு. பௌத்தர்கள் நடத்தும் சைவக் கடைகள், எல்லா ஊரிலும் இருக்கும். சாதாரணக் கடையில் 'கறி வேண்டாம்' என்று சொன்னால் கறியை மட்டும் எடுத்துவிட்டு மீன் சாற்றில் வதக்கிய கீரையைக் கொண்டு வைப்பார்கள். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, கணக்கிலேயே வராது. ஹாலாங் படகில் சைவம் வேண்டும் என்பதைப் புக் செய்யும்போதே எழுதிவிடு, கடலுக்குள் போன பிறகு சொன்னால் வெள்ளரிக்காய்தான்.

பட்டாணிசுண்டல்
பானா மலைக்கு அவரை மட்டும் அனுப்பிவிடு. சும்மா சொல்லவில்லை. அன்றைக்கு நீ ஹோய் ஆனில் தைக்கக் கொடுத்த துணியை வாங்கிக்கொண்டு தூங்கு, அவர் கேபிள் காரில் போய்ப் பாலத்தில் படம் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வரட்டும். கூட்டத்தில் இடித்துக்கொண்டு எடுத்த படம் உனக்கு எதற்கு. ஜோடியாகப் போனால் நாள் முழுக்க ஜோடியாகவே நிற்க வேண்டும் என்று யார் சொன்னது? நாங்கள் ஒவ்வொரு பயணத்திலும் ஒரு பகல் தனித்தனியாகச் சுற்றுவோம், ராத்திரி சாப்பிடும்போது பேச விஷயம் இருக்கும்.

மதிய_உறக்கம்
எனக்கு பானா மலை பிடித்திருந்தது. ஐந்தே முக்கால் கிலோமீட்டர் நீளக் கேபிள் கார், கீழே முழுக்கக் காடு. காலை முதல் வண்டியில் ஏறினால் கூட்டம் இல்லை. மேலே இருக்கும் பொய்யான பிரெஞ்சுக் கிராமத்தைத்தான் தாங்க முடியாது.

மலைக்கோட்டை
சரி, புக் செய்யும் வரிசைக்கு வருவோம். தேதி முடிவானதும் முதலில் விமானம், அதுவும் திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து ஹனோய் என இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டாக. நூறு இருநூறு மிச்சம் என்று தனித்தனியாக வாங்கினால் கோலாலம்பூரில் குடியேற்றம் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி கொடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பில்லை. அது தவிர, வெளியே வருவது என்றால் மலேசியாவுக்குள் நுழைவதுதான். இந்தியர்களுக்கு விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை என்றுதான் அறிவித்திருக்கிறார்கள், நீங்கள் போவது பிப்ரவரி. நீட்டிக்கலாம். நீட்டிப்பார்கள் என்று நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மலிவு விமானத்தில் பெட்டியைத் தலைக்குத் தனியாக வாங்க வேண்டும். ரெண்டு பேருக்கும் ஒரே பதிவு என்றால் ஒருவருக்கு மட்டும் 20 கிலோ வாங்கினால் போதும், கையில் ஆளுக்கு 7 கிலோ. இருக்கைக்குப் பணம் கட்டாவிட்டால் ஒருவரை முன்னாலும் ஒருவரைக் கழிவறைக்குப் பக்கத்திலும் போடுவார்கள். கோலாலம்பூர் வரைக்குமே சுமார் நாலு மணி நேரப் பயணத்துக்கு இது பரவாயில்லையா என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

விமானம் முடிந்ததும் அறைகள், இலவசமாக ரத்து செய்யும் வகையில். ஹனோய் பழைய நகரத்தில் மலிவு அறைகளில் பலவற்றுக்கு ஜன்னலே இருக்காது. வீடுகள் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி குறுகி நீண்டவை, நடுவில் இருக்கும் அறைக்கு வெளிச்சம் எங்கிருந்து வரும்? படத்தில் திரைச்சீலை தொங்கும், விலக்கினால் சுவர். அறை விவரத்தில் 'ஜன்னல்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். கட்டில் ஒன்றா இரண்டா என்பதையும்.

விசாவை அறைகளுக்குப் பிறகு வையுங்கள். அரசுத் தளத்தில் ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. உங்களுக்கு 25 போதும். நடுவில் கம்போடியா போய் அங்கோர் வாட் பார்த்துத் திரும்பும் ஆசை வந்தால்தான் பலமுறை விசா. தேடுபொறியில் முதலில் வருவது பெரும்பாலும் இடைத்தரகர் தளம், மூன்று மடங்கு வாங்குவான். முகவரி 'ஜிஓவி டாட் விஎன்' என்று முடிகிறதா பாருங்கள். எந்த விமான நிலையத்தில் நுழைகிறீர்கள் என்றும் கேட்கும், ஹனோய் என்று போட்டால் ஹனோயில் இறங்குங்கள். கட்டணம் திரும்ப வராது. டெட் நாள்களில் அவர்கள் அலுவலகமும் மூடியிருக்கும், அதனால் ஜனவரி நடுவிலேயே விண்ணப்பித்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதிக்கு ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும், இதைப் பார்க்காமலே விமானம் புக் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தையல்மிஷின்
எல்லாத் தாளும் இருவர் போனிலும் இருக்கட்டும். டிக்கெட், விசா, இன்சூரன்ஸ், ஓட்டல் முகவரி, எல்லாம். பெரும்பாலான வீடுகளில் ஒருவர் திட்டம் போடுவார், இன்னொருவர் பெட்டி மட்டும் அடுக்குவார். திட்டம் போட்டவர் போன் தண்ணீரில் விழுந்தால் அவ்வளவுதான், எந்த ஓட்டல் என்றுகூட மற்றவருக்குத் தெரியாது. விசாவை அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பைகளில் பிரித்து.

வேலையையும் பிரித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் விமானமும் பணமும் அவர், அறையும் சாப்பாடும் நான். மற்றவர் பங்கில் குறை சொல்லக்கூடாது என்பது விதி. விதி அவ்வப்போது மீறப்படும்.

கனரா_கவுன்ட்டர்
இது நல்ல யோசனை. பணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், தொழில் அதுதான். பெரும்பாலான கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் கூடுதல், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. லட்சம் ரூபாய் தேய்த்தால் 4,130 ரூபாய் இதற்கே போகும். இந்தக் கூடுதல் இல்லாத கார்டுகள் இருக்கின்றன, எங்களிடம் ஒன்று இருக்கிறது. கடையில் மெஷின் ரூபாயிலா, வியட்நாம் பணமான டாங்கிலா என்று கேட்டால் டாங் என்று அமுக்க வேண்டும், ரூபாயை அமுக்கினால் அவர்கள் வைத்த விலைதான்.

மலைக்கோட்டை அண்ணா, ரொக்கமாக எவ்வளவு தேவைப்படும்? இவர் ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாம் என்கிறார், அதையும் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை
ஸ்கூட்டர் வேண்டாம் என்பேன். அந்த நாட்டில் செல்லும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் இன்சூரன்ஸ் ஒரு பைசா தராது, பாலிசியில் அந்த வரியைத் தேடிப் படிக்கச் சொல் அவரை. கிராப், நம் ஊர் ஓலா மாதிரி ஆப்பில் கூப்பிடும் வண்டி, எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஹோய் ஆனில் சைக்கிளே போதும், நிறைய விடுதிகளில் இலவசமாகத் தருவார்கள்.

டாலராக ஒரு முன்னூறு எடுத்துப் போங்கள், கசங்காத நோட்டாக. தெருக்கடை, சந்தை, சின்னச் சாப்பாட்டுக் கடை எல்லாம் ரொக்கம்தான். அங்கே மாற்றியதும் முதல் வேலையாக 20 ஆயிரம் டாங் நோட்டையும் 5 லட்சம் டாங் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம், இரண்டும் பிளாஸ்டிக். ஒன்று நம் கணக்கில் எழுபது ரூபாய்ப் பக்கம், மற்றது ஆயிரத்து எழுநூறு. ராத்திரி டாக்சியிலிருந்து இறங்கும்போது மாற்றிக் கொடுத்துவிட்டுக் காலையில் எண்ணிப் பார்க்கிறவர்கள் உண்டு. 5 லட்சம் நோட்டைப் பர்சில் தனி அறையில் போட்டுவிடுங்கள்.

கொசுவலைக்காரன்
பர்ஸ் அவளிடம்தான் இருக்கும் அண்ணா. பிப்ரவரி 19 கிளம்பி 27 திரும்புவதாக ஒரே டிக்கெட்டில் பார்த்தேன், ரெண்டு பேருக்கும் 54,200 காட்டுகிறது. இன்று போடவா, இறங்கக் காத்திருக்கவா?

மலைக்கோட்டை
போட்டுவிடு. அடியில் இருக்கும் அந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டு போடு.